டோக்கியோவிலிருந்து காலா யுசாவா: காலையில் போய் மாலையில் திரும்பும் பனிச்சறுக்கு

டோக்கியோவில் தங்கியபடியே ஒருநாள் காலா யுசாவா என்ற மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போய் வந்தோம் என்று சொன்னால், இங்கே சிங்கப்பூரில் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு தூரம்?" என்பதுதான். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 75 நிமிடம். நம் கிழக்கு மேற்கு ரயில் பாதையில் பாசிர் ரிஸில் ஏறித் துவாஸ் லிங்க் வரை உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். கேட்பவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "அப்போ பத்து மணிக்குக் கிளம்பினாக்கூடப் போதுமே" என்பார்கள்.

போதாது. 75 நிமிடம் என்பது ரயிலின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு வேறு. ஹோட்டல் அறைக் கதவைச் சாத்தியதிலிருந்து, பிள்ளையின் காலில் பலகை மாட்டி அவள் முதல் பத்தடி சறுக்கும்வரை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கூட்டமான நாளில் மூன்றரை, நான்குகூட ஆகும். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் நாலரை மணிக்கே சூரியன் இறங்கத் தொடங்கிவிடும், ஐந்து மணிவாக்கில் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகளும் நின்றுவிடும். ஆகவே இந்த மூன்று மணி நேரத்தில் எதையெதை முதல் நாள் இரவே முடித்து வைக்கலாம் என்பதில்தான் ஒருநாள் பயணத்தின் வெற்றி இருக்கிறது. சறுக்கத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் விஷயம்.

முதலில் எப்போது போவது. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை நவம்பர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை. பெரும்பாலான குடும்பங்கள் நவம்பர் கடைசி வாரத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகுதான் பனியைப் பற்றி யோசிக்கும். காலா யுசாவா திறப்பதே வழக்கமாக டிசம்பர் நடுவில்தான். அதற்கு முன்னால் போகிறவர்களுக்குக் கருயிசாவா இருக்கிறது. அதுவும் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென்னில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். செயற்கைப் பனி அடித்து நவம்பர் தொடக்கத்திலேயே திறந்துவிடுவார்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் சீசன் தொடக்கத்தில் அங்கே இருப்பது பழுப்புப் புல்வெளிக்கு நடுவே விரித்த ஒரு வெள்ளைப் பட்டை மட்டுமே. சறுக்கப் பழக அது போதும். பனி உலகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

என்னைக் கேட்டால் மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையைத்தான் சொல்வேன். குளிர்காலம் முழுக்கப் பெய்த பனி அப்போதும் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். பொழுதும் நீண்டிருக்கும். குளிரும் நம்மைப் போன்ற வெப்பநாட்டுக்காரர்கள் தாங்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். மதியத்துக்குமேல் பனி ஈரமாகிக் கனத்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. அதற்குள் சிறுபிள்ளைகளும் களைத்திருப்பார்கள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானியரே விடுமுறையில் மலைக்கு வருவார்கள். ஜனவரி இரண்டாம் திங்கள், பிப்ரவரி 11, பிப்ரவரி 23 ஆகியவை அங்கே பொது விடுமுறை. சீனப் புத்தாண்டுக்குப் போகிறவர்கள் பிப்ரவரித் தேதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் சனி ஞாயிறு வேண்டாம். வார நாளில் போனால் அதே மலையில் இரண்டு மடங்கு சறுக்கலாம்.

விசா பற்றி ஒரு வரி. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குத் தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் நிரந்தரவாசிகளுக்கு வேண்டும். எங்கள் கூட்டத்தில் மச்சானுக்கு மட்டும் இந்த வேலை இருந்தது.

ரயில் டிக்கெட்டில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். டோக்கியோவிலிருந்து காலா யுசாவாவுக்கு ஒருவழிக்கு ஏறக்குறைய 7000 யென். ஜேஆர் டோக்கியோ வைட் பாஸ் என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஒன்று இருக்கிறது; தொடர்ந்து மூன்று நாளுக்கு, நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 15000 யென், 6 முதல் 11 வயதுவரை பாதி. காலாவுக்குப் போய்வர மட்டும் இந்தப் பாஸை வாங்கினால் லாபமே இல்லை, சற்று நட்டம்தான். அந்த மூன்று நாளுக்குள் நிக்கோவோ கவாகுச்சிகோவோ இன்னொரு இடம் போனாலோ, நரிட்டா எக்ஸ்பிரஸில் விமான நிலையத்துக்குப் போனாலோதான் பணம் மிஞ்சும். எங்கள் மகள் தொடக்கநிலை 4, அவளுக்குப் பாதி. மச்சானின் பையனுக்கு 12 முடிந்துவிட்டதால் முழுக்கட்டணம். "ஒரு மாசத்துல போச்சே" என்று அக்கா ஒரு வாரம் புலம்பினார். பாஸைப் பயண நாள் காலையில் வாங்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள். வரிசையில் நிற்கும் நேரம் முழுதும் மலையில் கழிக்க வேண்டிய நேரம். முதல் நாள் மாலையே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கி, இருக்கையையும் பதிந்துகொள்ளுங்கள்.

ரயிலின் பெயர் தனிகாவா. அதிலும் எல்லாத் தனிகாவாவும் காலாவரை போகாது. குளிர்கால அட்டவணையில் காலா யுசாவா என்று போட்டிருப்பது மட்டும்தான் போகும். மற்றவை ஒரு ஸ்டேஷன் முன்னால், எச்சிகோ யுசாவாவில் நின்றுவிடும். நிகாத்தாவரை போகும் தொக்கி ரயில்களும் காலாவுக்குத் திரும்பாது. தவறிப்போய் அவற்றில் ஏறினாலும் பயமில்லை, எச்சிகோ யுசாவாவிலிருந்து இலவசப் பேருந்து விடுகிறார்கள். ஊயெனோவில் தங்குகிறவர்கள் அங்கேயே ஏறலாம், ஆனால் அங்கே ஷின்கான்சென் மேடை நிலத்துக்கு அடியில் நான்காம் தளத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு இறங்கிப்போகப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பதிவில்லாத பெட்டியில் போவதாக இருந்தால் ரயில் புறப்படும் டோக்கியோ ஸ்டேஷனுக்கே போய்விடுவது நல்லது. 20 முதல் 23 வரையுள்ள மேடைகள். ஊயெனோவில் ஏறும்போது பாதி நிரம்பியிருக்கும், ஒமியாவில் மீதியும் நிரம்பும்.

ஏழு மணியை ஒட்டிய ரயிலைப் பிடித்தோம். சிங்கப்பூரில் அப்போது காலை ஆறு, பிள்ளைகளின் உடம்புக்கு அது பழகிய நேரம்தான். பள்ளிக்கு எழும் நேரத்தைவிட அதிகம் முன்னால் இல்லை. டோக்கியோவில் வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது. தக்காசாக்கி தாண்டியும் வெயில்தான், பனியின் சுவடே இல்லை. "என்னப்பா, பனின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தே" என்று அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். ஜோமோ கோகென் ஸ்டேஷனை விட்டதும் 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய் ஷிமிசு சுரங்கம். ஐந்தாறு நிமிட இருட்டு. வெளியே வந்தால் வீட்டுக்கூரை, மரம், வேலி எல்லாம் வெள்ளை. வண்டி முழுவதும் ஒரு "ஓ" எழுந்தது, அதில் ஜப்பானியக் குரல்களும் இருந்தன.

அம்மாவுக்கு அதற்குமேல் ஒரு சந்தேகம். இந்த மலை எவ்வளவு உயரம் என்று கேட்டார். காலாவின் உச்சி 1181 மீட்டர். "ஊட்டி இதைவிட உசரமாச்சே, அங்க ஏன் பெய்யல?" நல்ல கேள்வி. ஊட்டி 2200 மீட்டருக்கும் மேலே, இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் புக்கிட் தீமா உச்சியைச் சொல்லவே வேண்டாம், 164 மீட்டர். காரணம் உயரத்தில் இல்லை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறையவைக்கும் காற்று கிளம்பி ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுகிறது. காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைத்தொடரில் மோதி, மேலெழும்பி, சுமையை முழுவதும் இந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக டோக்கியோ பக்கம் இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அம்மாவுக்கு விளங்கியது. டோக்கியோவின் வானத்தைப் பார்த்து மலையின் வானிலையை முடிவு செய்யாதீர்கள் என்பதே இதிலுள்ள பயனுள்ள செய்தி. யுசாவாவுக்கென்று தனியாக வானிலை பார்க்க வேண்டும். ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிகாத்தா பக்கத்துத் தண்டவாளத்தில் வெந்நீர் தெளித்துப் பனியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பனிக்காக இந்த ரயில் நிற்பது அரிது. காற்று பலமாக அடித்தால், மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவடக் கூண்டான கோண்டோலாதான் நிற்கும்.

காலா யுசாவா ஸ்டேஷன் 1990 டிசம்பரில் திறந்தது. எச்சிகோ யுசாவாவிலிருந்து ரயில் பராமரிப்புத் தளத்துக்குப் போட்டிருந்த கிளைப்பாதையில், குளிர்காலத்துக்கு மட்டும் இயங்கும் ஸ்டேஷன். டிக்கெட் கதவைத் தாண்டி மேலே ஏறினால் நேராகச் சறுக்கு மையம்; தெருவில் கால் வைக்கவே வேண்டாம். உலகில் இவ்வளவு சோம்பேறித்தனமாகப் பனிமலைக்குப் போகும் வழி அதிகம் இருக்காது. அதனால்தான் ரயிலிலிருந்து இறங்கும் நானூறு ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வாடகை கவுண்டருக்குப் போய் நிற்கிறார்கள்.

இங்கேதான் நேரம் கரையும். படிவம் நிரப்ப வேண்டும்: உயரம், எடை, வயது, கால் அளவு. கால் அளவை ஜப்பானில் சென்டிமீட்டரில் கேட்பார்கள். நம் ஊர்க் கடைகளில் 8, 9 என்று வாங்கிப் பழகிய நமக்கு அங்கே நின்று திருதிருவென்று விழிக்கத்தான் தெரியும். ஒவ்வொருவரின் பாதத்தையும் வீட்டிலேயே சுவரோரம் வைத்து ஸ்கேலால் அளந்து கைப்பேசியில் எழுதிவையுங்கள். லிஃப்ட் டிக்கெட், பலகை, பூட்ஸ், கோல், உடுப்பு எல்லாவற்றையும் இணையத்தில் முன்பதிவு செய்யலாம். செய்துவிட்டால் வரிசை பாதியாகும். கையுறை, தொப்பி, காகிள்ஸ் மூன்றையும் சிங்கப்பூரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள், அங்கே போய் வாங்குவதற்கு விலை அதிகம். பனிக்கால உடுப்புக்கு முஸ்தபாவிலும் டெக்கத்லானிலும் தேடலாம். அதைவிட நல்ல வழி, அடுக்குமாடியின் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவது. ஒரே முறை போட்டுவிட்டு அலமாரியில் பூட்டிவைத்த ஜாக்கெட் இல்லாத புளோக்கே கிடையாது. எங்கள் மகளின் ஜாக்கெட், கையுறை இரண்டும் ஏழாம் மாடிச் சீன ஆன்ட்டி கொடுத்தவை.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி எதுவுமே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய செயற்கை இழை, நடுவே ஒரு ஃப்ளீஸ், வெளியே நீர்புகாத உடுப்பு, அவ்வளவுதான். குளிருமே என்று இரண்டு மூன்று சாக்ஸ் மாட்டுவது நம்மவர்களிடம் தவறாமல் பார்க்கும் காட்சி. முழங்கால்வரை வரும் ஒரே ஒரு சாக்ஸ் போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கணுக்காலை அறுக்கும், ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். பூட்ஸ் சரியாக மாட்டியிருந்தால் நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்னால் லேசாகத் தொடும், முழங்காலை மடக்கினால் விலகும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. அந்தப் பூட்ஸோடு படியில் இறங்குவது தனிக் கலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை முதலில் வையுங்கள்.

கோண்டோலாவில் ஏறினால் 800 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களின் சரிவு, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அங்கேதான். சறுக்காதவர்களுக்குக் கோண்டோலா மட்டும் போய்வரத் தனி டிக்கெட் உண்டு. அம்மாவுக்கு அதுதான் எடுத்தோம். சேலைக்கு உள்ளே ஹீட்டெக் என்ற சூடுகாக்கும் உள்ளாடை, மேலே என் ஜாக்கெட், காலில் நீர்புகாத பூட்ஸ். பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கும் பகுதியில் பேத்தியோடு இரண்டு தடவை இறங்கியும் பார்த்துவிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பலகை, பூட்ஸ் என்று எதுவும் எடுக்காமல் இந்தத் தட்டோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம். அந்த வயதில் பனியை அள்ளி எறிவதே அவர்களுக்குப் பெரிய விளையாட்டு, வாடகைப் பணமும் மிச்சம்.

மற்றவர்கள் வகுப்புக்குப் போங்கள். யூடியூப் பார்த்துப் பழகலாம் என்று மச்சான் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அவரே வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் குழு வகுப்புகள் இருக்கின்றன, முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது கடினம். இரண்டு மணி நேரத்தில் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது, விழும்போது பக்கவாட்டில் விழுவது, விழுந்த பிறகு எழுவது. இதில் மூன்றாவதுதான் கடினம். சரிவுக்குக் குறுக்கே பலகைகளை வைத்தால்தான் எழ முடியும், கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே ஓடிவிடும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சாய்ந்தால் பலகை கட்டுப்பாட்டை இழக்கும். முழங்காலை முன்னால் தள்ளி, கைகளை முன்னே வைத்திருக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநர் எத்தனை முறை சொன்னாலும் உடம்பு கேட்க நேரமாகும். பிள்ளைகளுக்குப் பயம் இல்லாததால் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மகள் மதியத்துக்குள் தனியாக லிஃப்டில் ஏறத் தொடங்கிவிட்டாள். முதல் முறை லிஃப்டில் ஏறும்போது பணியாளரிடம் கைகாட்டிச் சொன்னால் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

பனியில் முகத்துக்குக் கிரீம் எதற்கு என்று நம் நிறத்துக்காரர்கள் நினைப்போம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடுவரை திருப்பி அடிக்கிறது. வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் தாக்கும். கிரீம் வேண்டாம் என்ற மச்சானுக்கு மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்தது. கைப்பேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

சாப்பாடு. மலைமேல் கிடைப்பது ஜப்பானியக் கறிக்குழம்பு ஊற்றிய சோறு, ராமென், உருளைக்கிழங்கு வறுவல். சைவர்களுக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் இதில் சிக்கல் இருக்கிறது: அந்தக் குழம்பு வைக்கக் கரைக்கும் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ கலந்திருக்கும், வெறும் காய்கறி சூப் என்று நினைப்பதில் மீன் வடிநீர் இருக்கும். அம்மா முதல் நாள் இரவே ஹோட்டல் அறையில் பயண ரைஸ் குக்கரில் புளிச்சோறு கிளறி வைத்துவிட்டார். கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டோம். வெளிச்சாப்பாட்டுக்கு அங்கே அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு பிரியுங்கள். பன்னிரண்டு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. பதினொன்றுக்கே சாப்பிட்டு, மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் சறுக்கினால் லிஃப்ட் வரிசையும் குறைவு.

கீழே இறங்க 2500 மீட்டர் நீளச் சரிவு ஒன்று அடிவாரம்வரை இருக்கிறது, பனி போதிய அளவு சேர்ந்த பிறகுதான் திறப்பார்கள். முதல் நாள் பழகியவர்களுக்கு அது வேண்டாம், கோண்டோலாவில் இறங்குங்கள். கடைசிக் கோண்டோலாவுக்குக் காத்திருக்காமல் மூன்றரை மணிக்கே இறங்கிவிடுவது என் யோசனை. எல்லாரும் ஐந்து மணிக்கு வந்து பொருளைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். களைத்த காலோடு சறுக்கும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் அடிபடுவதும் அதிகம். பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று சாங்கி போவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே சறுக்கினால் காப்பு கிடையாது.

மிச்சமாகும் நேரத்தில் சறுக்கு மையத்திலேயே இருக்கும் வெந்நீர்க் குளியலுக்குப் போகலாம், அல்லது எச்சிகோ யுசாவா ஸ்டேஷனுக்குப் போகலாம். நாங்கள் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தோம். இந்தப் பகுதியின் கோஷிஹிகாரி அரிசிதான் ஜப்பானில் பேர்போனது. இதே பனி உருகிய நீரில் விளைவது. அந்த அரிசிச் சோற்றில் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய உருண்டை பிடித்து விற்கிறார்கள். உள்ளே வைக்கும் ஊறுகாய்ப் பழம் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கினால் சைவர்களும் சாப்பிடலாம். பொன்னி அரிசி தவிர வேறெதையும் சோறு என்று ஒப்புக்கொள்ளாத அம்மா முழு உருண்டையையும் முடித்தார். பக்கத்திலேயே சில்லறையைப் போட்டுச் சாக்கே என்ற அரிசி மது ருசிபார்க்கும் கூடம். மச்சான் அங்கே காணாமல் போனதால் ஒரு ரயிலை விட்டோம். ஸ்டேஷனுக்கு வெளியே தெருவில் பனியைக் கரைக்க நிலத்தடி நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நீரின் இரும்புக் கறையில் சாலை செம்பழுப்பாக இருக்கும், துணிக் காலணி போட்டு நடந்தால் நொடியில் நனைந்துவிடும்.

திரும்பும் ரயிலுக்கும் காலையிலேயே இருக்கை பதிந்துவிடுங்கள். ஆறு மணி ரயிலைப் பிடித்தால் எட்டுக்குள் ஹோட்டலில் இருக்கலாம், பிள்ளைகள் ரயில் கிளம்பும் முன்பே தூங்கிவிடுவார்கள். மறுநாள் காலை தொடையும் கெண்டைக்காலும் படி இறங்க மறுக்கும். அன்றைக்கு டிஸ்னிலேண்ட் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.